எல்லைக்கோட்டில் என் ரேஞ்ச்ஃபைண்டர்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாகத் தெரிகிற ஒரு பொருள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அதுதான் உண்மை என்று நான் நம்பினேன். தண்ணி போட்டவன்கூட அப்படி நம்பமாட்டான். தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாய்வான். நான் தொட்டுப் பார்க்காமலே சாய்ந்தேன். அதுவும் தனியாக இல்லை, இரண்டு ஊர்களையும் நான்கு காளை மாடுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாய்ந்தேன்.

சாயல்குடியில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவனுக்கு பிலிம் கேமரா எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். என் மனைவி மல்லிகா அன்றாடம் கேட்கிறாள். உச்சிப்புளிப் பக்கம் குடியிருந்த ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். தென்னைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் வாங்கப் போன நான், ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். (ஸ்பிரேயரை வேறு ஒருவர் வாங்கிப் போய்விட்டார். அவர் தென்னை இப்போது நன்றாகக் காய்க்கிறதாம்.)

அந்தக் கேமராவின் நெற்றியில் இரண்டு சின்ன ஜன்னல்கள் இருக்கும். மனிதனுக்கு இரண்டு கண் இருப்பதுபோல. பின்னால் ஓட்டை வழியாகப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. இதைவிட நேர்மையான ஏற்பாடு உலகத்தில் உண்டா? கண்ணை நம்ப வேண்டாம், வெளிச்சத்தை நம்ப வேண்டாம். இரண்டு, ஒன்று. முடிந்தது.

எதிர்க்கட்சி என் பள்ளித் தோழன் முருகேசன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவனும் அவனுடைய எஸ்.எல்.ஆர் கேமராவும்தான். அதில் லென்ஸ் பார்ப்பதையே உள்ளே ஒரு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். லென்ஸ் மங்கலாகப் பார்த்தால் நமக்கும் மங்கல். என்னுடையதில் அப்படி இல்லை. லென்ஸ் ஒரு பக்கம், நான் பார்க்கும் ஜன்னல் ஒரு பக்கம். ஜன்னல் வழியே உலகம் எப்போதும் பளிச்சென்று இருக்கும். லென்ஸுக்கு மூடி போட்டிருந்தாலும் பளிச்சென்றுதான் இருக்கும். (என் முதல் பிலிம் முழுவதும் மூடியோடு எடுத்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.)

சாயங்காலம் ஆனால் என் கடையில் உர மூட்டை மேல் உட்கார்ந்து முருகேசன் ஆரம்பிப்பான்.

"ஏலே, நீ எடுக்குற படத்த நீயே பாக்க முடியாது. ஜன்னல் வழியா ரோட்ட வேடிக்க பாக்குறதுக்கு எதுக்குடா கேமரா?"

"ஓன் கண்ணாடி படம் எடுக்குற நேரத்துல மேல எந்திரிச்சு மறைக்குதா இல்லையா? முக்கியமான நொடியில நீ குருடன்டா."

"நான் குருடனா இருந்தாலும் படம் தெளிவா வருது. நீ கண்ண முழிச்சுக்கிட்டு இருட்ட எடுக்குற."

நான் விடமாட்டேன். இரவெல்லாம் யூடியூப் பார்த்துச் சேர்த்த ஞானத்தை எடுத்துவிடுவேன். நீளமான லென்ஸ் போட்டுத் தூரத்தில் இருப்பதை இழுத்துப் பிடிப்பதற்கு எஸ்.எல்.ஆர்தான் துல்லியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண லென்ஸில், பக்கத்தில் இருப்பதை, மங்கிய வெளிச்சத்தில் பிடிக்க ரேஞ்ச்ஃபைண்டரை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. யூரியா வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் மறுத்ததில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விடுவார்கள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படி மறுக்காமல் கேட்டவர்களில் ஒருவர் என் மச்சான் சேதுராமு. மல்லிகாவின் அண்ணன். ஊர் வேப்பங்குளம், தொழில் மிளகாய், உயிர் மாட்டு வண்டிப் பந்தயம். ஒரு ஜோடி மயிலைக் காளை வைத்திருக்கிறார். பாலில் நனைத்தெடுத்த மாதிரி வெள்ளை. அவற்றுக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் முட்டையும் போகிற போக்கைப் பார்த்து அவர் மனைவி ராக்கம்மா அக்கா சொல்வார்: "தம்பி, அடுத்த பொறப்புல நான் இந்த வீட்டுக்கு மருமகளா வர மாட்டேன், மாடா வாரேன்."

அந்த மாடுகளுக்கு ஒரே ஒரு வியாதி. எங்கு ஓடினாலும் இரண்டாவதாக வரும். முதல் வண்டிக்கு ஒரு மூக்கு பின்னால். அதுவும் பக்கத்து ஊர் செங்கரை வேலுச்சாமியின் வண்டிக்குப் பின்னால். அவரும் மயிலை ஜோடிதான். ஒரே சந்தையில் வாங்கியவை என்று வேறு சொல்வார்கள். போன வருடம் கோயில் பொங்கல் பந்தயத்தில் இரண்டாவது பரிசை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்த மச்சான், ஊருக்கு முன்னால் சபதம் போட்டுவிட்டார்: "அடுத்த பொங்கலுக்கும் ரெண்டாவது வந்தேன்னா, இந்த மாட்ட வித்துட்டு மொளகாயோட கெடப்பேன். இது சத்தியம்."

ராக்கம்மா அக்கா அன்றே குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வருடம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மச்சான் கடைக்கு வந்தார்.

"மாப்ளே, போன வருசம் நான்தான் மொதல்ல வந்தேன். கமிட்டிக்காரன் கண்ணு அவிஞ்சு போச்சு. இந்த வருசம் நீ ஓம் பெட்டிய எடுத்துக்கிட்டு கோட்டுலயே நிக்கணும். மூக்கு மூக்கா புடிக்கணும்."

"முருகேசன் எடுப்பானே மச்சான்?"

"அவன் பெரிய மனுசனுக்கு மால போடுறத எடுப்பான். நீதான சொன்ன, பக்கத்துல இருக்குறத ஒன்னோடதுதான் துல்லியமா புடிக்கும்னு?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "மச்சான், எனக்கு வயிற்று வலி" என்றிருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறார். நெஞ்சு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை விரிந்துவிட்டது. "நீங்க மாட்ட மட்டும் ஓட்டுங்க மச்சான். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன். நான்கு காளைகளின் மூக்குக் கயிறும் அந்த நிமிடம் என் கைக்கு வந்ததை நான் உணரவில்லை.

பந்தயம் விடிகாலையில். சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். இங்கிருந்து கிளம்பி, தூரத்தில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பி, இதே கோட்டைத் தாண்ட வேண்டும். கோட்டின் அந்தப் பக்கம் மேசை போட்டு, அதன் மேல் கமிட்டித் தலைவர் கருப்பையா அண்ணன் கொடியோடு நின்றார். வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டு, முறுக்கிய மீசை. முதல் வண்டியின் மூக்கு கோட்டைத் தொட்டதும் அவர் கொடியை இறக்குவார். அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

நான் சாலைக்கு இந்தப் பக்கம், கோட்டுக்கு நேராக இடம் பிடித்தேன். வெளிச்சம் குறைவு. மாடோ ஓடுகிற மாடு. சட்டர் வேகமாக இருக்க வேண்டும் என்றால் லென்ஸை முழுசாகத் திறந்தாக வேண்டும். முழுசாகத் திறந்தால் ஃபோகஸ் ஒரு சாண் பிசகக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தவனுக்கு எப்படி அது நடந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஓடி வரும் மாட்டைப் பார்த்துத் திருகிக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே கோட்டின் மேல் எதையாவது வைத்து ஃபோகஸ் செய்துவிட வேண்டும். யாரையாவது நடுரோட்டில் நிற்கச் சொன்னால், "நீ போய் நில்லு" என்றார்கள். பந்தலில் இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலை நடுவில் கோட்டின் மேல் வைத்தேன். முதுகு என் பக்கம். கேமராவைக் கண்ணில் வைத்து, லென்ஸைக் கடைக்கோடித் தூரத்தில் இருந்து மெதுவாகத் திருகிக்கொண்டு வந்தேன். மஞ்சள் கட்டத்துக்குள் நாற்காலி முதுகின் பட்டைகள் இரண்டிரண்டாக அலைந்தன. நெருங்கின. சட்டென்று ஒன்றாகின. அச்சில் வார்த்ததுபோல அப்படி ஒரு பொருத்தம். திருகலை அங்கேயே நிறுத்தி, அசையாமல் இருக்கப் பிளாஸ்திரி வேறு போட்டு ஒட்டினேன். நாற்காலியைத் திரும்பப் பந்தலில் கொண்டுபோய்ப் போட்டேன்.

மேசை மேலிருந்து கருப்பையா அண்ணன் சத்தம் போட்டார். "தம்பி, என்ன பண்ற?"

"வண்டி கோட்ட தாண்டுறத எடுக்கப் போறேன்ணே!"

"இங்கன நானும் விழுவேனா?"

"விழுவீங்கண்ணே!"

அவர் துண்டைச் சரி செய்துகொண்டார்.

முருகேசன் மாலை மரியாதைகளை முடித்துவிட்டு, கோட்டைத் தாண்டி வெகுதூரம் தள்ளி, கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு வண்டிகளுக்கு எதிர்முகமாக நின்றான். போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "மூடிய கழட்டிட்டியாலே?" என்று கேட்டுவிட்டுப் போனான். (கழற்றியிருக்கவில்லை. அப்புறம் கழற்றினேன். அந்த நன்றிக்கடன் வேறு அவனுக்கு நான் பட்டிருக்கிறேன்.)

வண்டிகள் போயின. கூட்டம் காத்திருந்தது. பிறகு தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள், விசில், தூசி. தூசிக்குள் இருந்து இரண்டு வெள்ளை ஜோடிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன. மச்சான் வண்டி என் பக்கம், வேலுச்சாமி வண்டி அந்தப் பக்கம். மூக்கு கோட்டைத் தொட்ட நொடியில் அழுத்தினேன்.

இங்கேதான் ரேஞ்ச்ஃபைண்டரின் பெருமை. கண்ணாடி எழும்பி மறைக்கவில்லை. சட்டர் விழுந்த அந்த நொடியை நான் என் கண்ணால் பார்த்தேன். மச்சானின் மாடுதான் முன்னால். சத்தியமாக.

"மச்சான் மொதல்ல!" என்று குதித்தேன்.

"ஓம் மச்சான் ஒனக்கு மொதல்லதான்யா தெரிவான்!" என்றது செங்கரை.

எல்லோரும் கருப்பையா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். கொடி இறங்கவே இல்லை. அவர் கையில் அது நட்ட மரம் மாதிரி நின்றது. ஒரு முறை கண்ணைக் கசக்கினார்.

"ஒரு மூக்கு வித்தியாசம்ப்பா. நான் பாத்தேன். ஆனா சரியா அந்த நேரத்துல கண்ணுல தூசி விழுந்துருச்சு. யாரு மூக்குன்னு..."

மச்சான் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். வேலுச்சாமியும் இறங்கி வந்தார். இரண்டு பக்கமும் துண்டுகள் தோளில் இருந்து இடுப்புக்கு இறங்கின. எங்கள் பக்கத்தில் துண்டு இடுப்புக்கு இறங்கினால் அடுத்தது கைகலப்பு என்று எல்லோருக்கும் தெரியும். முருகேசன் ஓடி வந்து கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டினான். என்ன துல்லியம் என்கிறீர்கள்! மாட்டின் மூக்கில் இருந்த ஈயின் இறக்கைகூடத் தெரிந்தது. ஆனால் எதிர்முகமாக எடுத்த படம். நீளமான லென்ஸ் முன்னால் பின்னால் என்ற பேதமே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கிவிட்டது. நான்கு மாடும் வரிசையாக நின்று கல்யாண போட்டோவுக்குப் போஸ் கொடுப்பதுபோல இருந்தன. எது முன்னால் என்று அந்த ஈயைத்தான் கேட்க வேண்டும்.

அப்போதுதான் கருப்பையா அண்ணன், "அட, இந்தத் தம்பி கோட்டுல நின்னு எடுத்துச்சே! நான் நல்லா பாத்தேன்!" என்றார்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. கேமராவை வேலுச்சாமி புரட்டிப் பார்த்தார்.

"இதுல டிவி எங்கன இருக்கு?"

"டிவி கெடையாதுங்க. பிலிம்."

"உள்ள இருக்கா? அப்ப தொறந்து காட்டு."

அவர் விரல் பின் மூடியின் கொக்கியில் போய் உட்கார்ந்தது. நான் அலறிய அலறலில் மாடுகள் மிரண்டன. திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் அழிந்துவிடும் என்று விளக்கினேன். "இப்ப வெளிச்சத்துலதான எடுத்த?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். மல்லிகா பின்னாளில் சொன்னாள், தூரத்தில் இருந்து பார்க்க எனக்குப் பிரசவ வலி வந்ததுபோல இருந்ததாம்.

கடைசியில் முடிவாயிற்று. மதுரையில் இன்னும் பிலிம் கழுவிக்கொடுக்கும் லேப் ஒன்று இருக்கிறது. படம் வரும்வரை முதல் பரிசான கோப்பையும் குத்துவிளக்கும் கமிட்டியிடமே இருக்கும். படத்தில் யார் முன்னால் இருக்கிறாரோ அவர் முதலாவது. மற்றவர் இரண்டாவது. மச்சானின் முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது என்றால் மாடு சந்தைக்குப் போகும். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "மாப்ளே, விழுந்திருக்கும்ல?" என்றார். அந்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்படியே மூக்கு மூக்கா விழுந்திருக்கும் மச்சான்."

மறுநாள் காலை மதுரைக்கு பஸ். பிலிமை நான் தனியாகக் கொண்டுபோகச் செங்கரை ஒப்பவில்லை. ஆகவே மூவர் அமரும் சீட்டில் நடுவில் நான், ஜன்னல் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் வேலுச்சாமி. பிலிம் சுருள் ஒரு டிபன் பாக்ஸுக்குள். டிபன் பாக்ஸ் என் மடியில். அதன் மேல் இரண்டு பேரின் கையும். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பேச வேண்டியதை என்னிடம் சொன்னார்கள்.

"அவருகிட்ட சொல்லு மாப்ளே, மூணாவது கல்லுக்கிட்ட வண்டிய எம் மேல அணைச்சது யாருன்னு."

"இவருகிட்ட சொல்லுங்க, ரோடு அவரு வீட்டு வரப்பு இல்லைன்னு."

ஒரு இடத்தில் எனக்குத் தும்மல் வந்தது. கையை எடுக்க விடவில்லை. அப்படியே தும்மினேன்.

லேப்காரர் பிலிமைக் கழுவிக் காயவைத்து கம்ப்யூட்டரில் ஏற்றும்வரை மச்சான் வெளியே நடந்துகொண்டே இருந்தார். கோட்டில் எடுத்த படம் திரையில் வந்ததும் மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்தன.

படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் ஒரு வெள்ளைப் புகை. இட்லிமாவு பொங்கி வழிந்ததுபோல. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, மூக்கும் இல்லை, முழியும் இல்லை. மச்சான் மாடும் வெள்ளை, வேலுச்சாமி மாடும் வெள்ளை. மங்கலில் நான்கு மாடும் கரைந்து ஒரே மாடாகிவிட்டன. (இரண்டு ஒன்றானால் உண்மை என்றேனே, இதோ.)

"இது என்னுது" என்று மச்சான் புகையின் இடது ஓரத்தைத் தொட்டார்.

"இது வால்" என்றார் வேலுச்சாமி.

அப்புறம்தான் மூவரும் மேல்பாதியைப் பார்த்தோம். புகைக்கு மேலே, மேசை மீது, கருப்பையா அண்ணன். என்ன துல்லியம்! பட்டுத் துண்டின் சரிகை ஒவ்வொரு இழையும் தெரிந்தது. மீசையின் நரைமுடியை எண்ணலாம். ஒரு கையில் கொடியைச் செங்கோல் மாதிரி நிமிர்த்திப் பிடித்திருந்தார். இன்னொரு கை மீசையில். முகத்தில் மணமேடைச் சிரிப்பு. கண்கள் இரண்டும் நேராக, ஆடாமல் அசையாமல், என் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் காலுக்குக் கீழே இரண்டு வண்டிகள் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. அவ்வளவு தெளிவான கண்கள்.

பந்தயத்துக்குப் பிறகு முதல்முறையாக, வேலுச்சாமி மச்சானைப் பார்த்து நேராகப் பேசினார்.

"சேதுராமு, இந்த ஆளு பாக்கவே இல்லப்பா."

"ஆமாண்ணே. போட்டோவுக்கு நின்னுருக்கான்."

"நம்ம உசுர குடுத்து ஓட்டிக்கிட்டு வாரோம்..."

"இவன் மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கான்!"

இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. டிபன் பாக்ஸையும் படத்தையும் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸிலும் அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு டிரைவருக்குப் பின்னால், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கேமராவின் மேலா, நாற்காலியின் மேலா, கருப்பையா அண்ணனின் மேலா என்று முடிவு செய்ய முடியாத ஆத்திரம். வாடகைப் பாத்திரக் கடையில் அதே மாதிரி நாற்காலி ஒன்றை வாங்கி வந்து, வீட்டு வாசலில் அதே தூரத்தில் வைத்து, கேமராவைக் கண்ணில் வைத்தேன். லென்ஸைத் தூரத்தில் இருந்து திருகிக்கொண்டு வந்தேன். பட்டைகள் ஒன்றாகின. பிளாஸ்திரி ஒட்டிய அதே இடம். இப்போது நிறுத்தாமல் இன்னும் திருகினேன். பட்டைகள் பிரிந்தன. மறுபடியும் நெருங்கின. மறுபடியும் ஒன்றாகின!

நாற்காலி முதுகின் பட்டைகள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே இடைவெளி. ஒரு பட்டையின் இரண்டாவது உருவம் பக்கத்துப் பட்டையின் மேல் போய் உட்கார்ந்தாலும் கட்டத்துக்குள் ஒன்றாகத்தான் தெரியும். அது பொய்ப் பொருத்தம். அங்கே நிறுத்தினால் ஃபோகஸ் கோட்டில் விழாது, கோட்டைத் தாண்டி மேசையில் போய் விழும். வந்த முதல் ஜாதகமே பொருந்துகிறது என்று நிச்சயம் பண்ணிய அப்பன் மாதிரி நான் முதல் பொருத்தத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். லென்ஸின் மேல் தூரம் அடியில், மீட்டரில், கொட்டை எழுத்தில் வேறு எழுதியிருக்கிறது. ஒரு தடவை குனிந்து படித்திருந்தால் போதும். எஸ்.எல்.ஆராக இருந்தால் நாற்காலியே மங்கலாகத் தெரிந்து, "ஏலே மடையா" என்று சொல்லியிருக்கும். என்னுடையது கடைசிவரை பளிச்சென்று சிரித்துக்கொண்டே என்னைக் குழியில் இறக்கியது.

முருகேசன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "நாற்காலிய பேட்டி எடுக்குறியா?" என்றான்.

அன்று மாலை கோயிலில் பஞ்சாயத்து. படத்தை இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து கருப்பையா அண்ணன் முன்னால் நீட்டினார்கள். இருவரும் அவரைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நான் கோயில் கதவுக்குப் பின்னால் இடம் பார்த்து வைத்திருந்தேன். அவர் படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தம்பி, இம்புட்டு அழகா என்னைய யாரும் எடுத்ததில்லப்பா! அந்த முருகேசன் இருவது வருசமா எடுக்கான், ஒண்ணுல ஆச்சும் இந்த மீச விழுந்துருக்கா?"

"அண்ணே, மாடு எங்கண்ணே?" என்றார் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாடு இருந்துச்சேப்பா. இந்தா, கீழ வெள்ளையா..."

அவரைத் தவிர எல்லோரும் கத்தினோம். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினேன். ஏனென்றால் எனக்குத்தான் கோபப்பட உரிமை மிகக் குறைவு. மறு ஓட்டம் வைக்கலாம் என்றார்கள். மாடுகள் தாங்காது என்றார் மச்சான். வேலுச்சாமியும் ஆமாம் என்றார். இருவருக்கும் பாதி பாதி என்றார்கள். கோப்பையை எப்படிப் பாதியாக்குவது என்று இருவரும் சேர்ந்தே கேட்டார்கள். கடைசியில் கமிட்டி ஒரு தீர்ப்புச் சொன்னது. சந்தேகம் இல்லாமல் யார் கோட்டைத் தாண்டினார்கள் என்று பார்த்தால், ரொம்ப நேரம் கழித்துத் தனியாக, எல்லோரும் பார்க்க, மெதுவாக வந்து சேர்ந்த மூன்றாவது வண்டி மட்டும்தான். அது அபிராமத்து வண்டி. அதை கருப்பையா அண்ணனே பார்த்திருக்கிறார், ஆகவே முதல் பரிசு அதற்கே.

அந்தப் படம் இப்போது பெரிதாக்கப்பட்டு அவர் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. மாடுகளை முருகேசன் கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டான். யாருக்குக் காதுகுத்து என்றாலும் ஃப்ளெக்ஸில் அந்தப் படம்தான், மீசையோடு. கீழே என் பெயர் கிடையாது. எங்கள் வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் தேடினாலும், கொசுவலை ஓட்டையைத் தேடினாலும் மல்லிகா சொல்வாள்: "பொறுங்க, நாற்காலிய வச்சுப் பாருங்க."

ராக்கம்மா அக்கா என்னோடு பேசுவதில்லை. மச்சான் தன் சபதத்தை வரிவரியாக ஊருக்கு விளக்கினார்: இரண்டாவது வந்தால்தான் மாட்டை விற்பேன் என்று சொன்னேன், நான் இரண்டாவது வரவில்லையே. கமிட்டியே சொல்லவில்லையே. ஆகவே மாடுகள் அவர் தொழுவத்திலேயே நிற்கின்றன, பேரீச்சம்பழம் தின்கின்றன.

கோப்பையையும் குத்துவிளக்கையும் அபிராமத்துக்காரர் வாங்கிக்கொண்டு, அன்று ராத்திரி கடைசி பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டார்.